வீண்புகையை விசையாக்கியவர்

நுழையும்முன்

பயனற்றது என்று உலகம் ஒதுக்கும் பொருளிலும் ஆற்றல் உறைந்திருக்கிறது. அதனைக் காண்பதற்குக் கூரிய பார்வை வேண்டும். கண்டதை மெய்ப்பிப்பதற்கு நெடிய பொறுமை வேண்டும். எந்திரம் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே அவ்வெந்திரத்திற்கு வலிமை சேர்க்கலாம் என்று எண்ணிய இளைஞர் ஒருவர், அவ்வெண்ணத்தை நிலைநாட்ட இருபது ஆண்டுகள் உழைத்தார். இன்று நாம் பயணம் செய்யும் பேருந்திலும் மகிழுந்திலும் அவருடைய உழைப்பு ஓசையின்றிச் சுழல்கிறது. அவ்வறிஞரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

சந்திப்பில் எழுந்த கரும்புகை

கடலூர் மாவட்டத்திலுள்ள கம்மாபுரம், நெல்லும் கரும்பும் விளையும் சிற்றூர்கள் சூழ்ந்த ஊர். ஒருபுறம் விருத்தாசலம் தொடர்வண்டிச் சந்திப்பு. மறுபுறம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். கரும்பு ஏற்றிச் சேத்தியாத்தோப்பு ஆலையை நோக்கிச் செல்லும் டிராக்டர்களும், சுரங்கப் பகுதிக்குச் செல்லும் லாரிகளும், நகரப் பேருந்துகளும் இப்பகுதியின் சாலைகளில் ஓய்வின்றி ஓடுகின்றன.

இப்பகுதியின் பெரியவர்களிடம் டீசல் இரயில் எஞ்சின் ஓடிய காலத்தைப் பற்றிக் கேட்டால், அவர்கள் தவறாமல் குறிப்பிடும் காட்சி ஒன்று உண்டு. விருத்தாசலம் சந்திப்பிலிருந்து வண்டி புறப்படும்போது, எஞ்சினின் தலைமேல் கரும்புகை திரண்டு எழும். நடைமேடையில் நிற்போர் மூக்கைப் பொத்திக்கொள்வர். சிறிது நேரத்திற்குள் அப்புகை மெலிந்து, வண்டி வேகம் பிடித்ததும் ஏறக்குறைய மறைந்துவிடும்.

அந்த எஞ்சின்களுள் பல, 1962ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வந்து, பின்னர் வாரணாசியில் உருவாக்கப்பட்ட வகையைச் சார்ந்தவை. பதினாறு உருளைகளும் 2600 குதிரைத்திறனும் கொண்டவை. இன்று மின்சார எஞ்சின்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. வண்டி முழுவேகத்தில் ஓடும்போது எழாத கரும்புகை, புறப்படும்போது மட்டும் ஏன் எழுந்தது? இதற்கான விடை, ஐரோப்பாவின் சிறிய நாடாகிய சுவிட்சர்லாந்தில் பிறந்த பொறியாளர் ஒருவரின் வாழ்க்கையோடு பிணைந்துள்ளது. அவர் பெயர் ஆல்பிரட் பியூஹி.

எந்திரங்களின் ஊரில் பிறப்பு

பியூஹி 1879ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் விண்டர்தூர் என்னும் நகரில் பிறந்தார். அந்நகரின் பெருமைக்குரிய தொழிற்சாலை, சுல்சர் உடன்பிறந்தார் நிறுவிய எந்திரத் தொழிற்சாலையாகும். பியூஹியின் தந்தை யோகான் அந்நிறுவனத்தில் உயர்பொறுப்பு வகித்தவர். ஆகவே உலையின் வெப்பமும் உருக்கின் ஓசையும் சிறுவயதிலேயே பியூஹிக்குப் பழகிப்போயின. இளமையில் சில காலம் செருமனியின் லுட்விக்ஸ்ஹாபன் நகரிலும் அவர் வளர்ந்தார்.

அவர் பிறந்த அதே ஆண்டில், நோயினால் தேர்வு எழுத இயலாமற்போன மாணவர் ஒருவர், அடுத்த தேர்வு வரும்வரை சுல்சர் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அவரே பிற்காலத்தில் டீசல் எந்திரத்தை உருவாக்கிய ருடால்ஃப் டீசல். ஒருவர் எந்திரத்தைப் படைத்தார். மற்றவர் அதன் வலிமையைப் பெருக்கினார்.

பியூஹி 1899ஆம் ஆண்டு சூரிச் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கல்லூரியில் எந்திரப் பொறியியல் பயிலத் தொடங்கி, 1903இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் பொறியாளராகப் பணியாற்றினார். அக்காலத்தில் நீராவி எந்திரமே உலகை ஆண்டுகொண்டிருந்தது. உள்ளேயே எரிபொருளை எரித்து இயங்கும் எந்திரங்கள் அப்போதுதான் கால் ஊன்றத் தொடங்கியிருந்தன. 1897இல் சோதித்துக் காட்டப்பட்ட டீசல் எந்திரம், எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை உழைப்பாக மாற்றியது. அக்காலத்தில் அது பெரும் சாதனை. உலகம் அந்தக் கால்பங்கைக் கண்டு வியந்தது. இளைஞர் பியூஹியின் கண்களோ, வீணாகிய எஞ்சிய பங்கின்மீது பதிந்தன.

கொடி அடுப்பு கற்பிக்கும் பாடம்

பியூஹியின் எண்ணத்தை விளங்கிக்கொள்ள நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் பாட்டியின் சமையலறைக்குச் சென்றால் போதும். மண்ணடுப்பின் பக்கத்தில் கொடி அடுப்பு ஒன்று இருக்கும். அதற்குத் தனியாக விறகு வைப்பதில்லை. தாய் அடுப்பில் எரியும் தீயின் மிச்சம், இடையிலுள்ள துளை வழியே சென்று கொடி அடுப்பைச் சூடாக்கும். தாய் அடுப்பில் சோறு வேகும்போது, கொடி அடுப்பில் குழம்பு கொதிக்கும். வெளியேறி வீணாகியிருக்க வேண்டிய வெப்பம் இரண்டாம் வேலையைச் செய்கிறது.

எந்திரத்தின் உருளைக்குள்ளும் அடுப்பே எரிகிறது. பிஸ்டனைத் தள்ளியபின் வெளியேறும் புகை வெறும் கழிவன்று. அது மிகுந்த வெப்பமும் அழுத்தமும் உடையது. பொதுவாக எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்புகையோடு சைலன்சர் வழியே காற்றில் கலந்துவிடுகிறது.

இதனோடு மற்றொரு செய்தியையும் இணைத்துப் பார்க்க வேண்டும். அடுப்பு நன்கு எரிய விறகு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ஊதாங்குழலால் ஊதும்போது தீ கொழுந்துவிட்டு எரிவதும், கொல்லன் துருத்தியை அழுத்தும்போது உலை சிவப்பதும் நாம் அறிந்தவையே. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. அது ஏறக்குறைய 12 கன மீட்டர் இடத்தை நிரப்பும் காற்றாகும். ஆகவே எந்திரத்தின் வலிமையைக் கூட்ட வேண்டுமாயின், மிகுதியான காற்றை அதன் உருளைக்குள் செலுத்த வேண்டும். உருளையைப் பெரிதாக்கினால் எந்திரத்தின் எடையும் விலையும் கூடும். உருளையின் அளவை மாற்றாமல் காற்றை அழுத்திச் செலுத்தினால், சிறிய எந்திரமே பெரிய எந்திரத்தின் வேலையைச் செய்யும்.

காற்றை அழுத்தத் துருத்தி ஒன்று வேண்டும். அத்துருத்தியை இயக்குவது யார்? எந்திரமே இயக்கினால், அதன் வலிமையில் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடும். வெளியேறும் புகையைக் கொண்டே அத்துருத்தியை இயக்கினால் என்ன என்று பியூஹி எண்ணினார். புகை பாய்ந்து விசையாழி ஒன்றைச் சுழற்றும். அவ்விசையாழி காற்றை அழுத்தும் அமுக்கியைச் சுழற்றும். அமுக்கி எந்திரத்திற்கு மிகுதியான காற்றை ஊட்டும். அடுப்பின் புகையே அடுப்பை ஊதும் துருத்தியாகும். இதுவே அவர் கண்ட உண்மை.

இந்த எண்ணத்திற்கு 1905ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் செருமனியில் காப்புரிமை பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

காப்புரிமை என்பது ஓர் எண்ணத்திற்குக் கிடைக்கும் சான்று மட்டுமே. எண்ணம் எந்திரமாவதற்கு நெடுந்தொலைவு கடக்க வேண்டும். பியூஹியின் முதல் வரைவில் அமுக்கி, எந்திரம், விசையாழி ஆகிய மூன்றும் ஒரே தண்டில் இணைந்திருந்தன. வேகத்தில் வேறுபட்ட மூன்றை ஒரே நுகத்தில் பூட்டிய நிலை அது. அன்றியும், அக்காலத்தில் காற்றமுக்கிகள் திறன் குறைந்தவையாக இருந்தன. அவை தாம் பெற்ற ஆற்றலின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டுச் சிறுபகுதியையே காற்றழுத்தமாகத் தந்தன. கொதிக்கும் புகையின் நடுவே இடைவிடாது சுழன்றும் உருக்குலையாத உலோகமும் எளிதில் கிடைக்கவில்லை.

பியூஹி தாயகம் திரும்பி, சுல்சர் நிறுவனத்தில் டீசல் எந்திர ஆய்வுப் பணியில் ஈடுபட்டார். அங்குச் சோதனைகள் தொடர்ந்தன. முதல் உலகப்போர் மூண்ட காலத்தில், வானூர்திகள் மேலே செல்லச் செல்ல எந்திரம் வலிமை இழப்பது பெரும் சிக்கலாக இருந்தது. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதே அதற்குக் காரணம். அக்குறையைத் தன் கருவி தீர்க்கும் என்னும் நோக்குடன் 1915இல் மாதிரி ஒன்று உருவாக்கப்பட்டது. ஆனால் அது நம்பகமாக இயங்கவில்லை; உற்பத்திக்கும் செல்லவில்லை.

வேறு நாடுகளிலும் இதே திசையில் முயற்சிகள் நடந்தன. 1918ஆம் ஆண்டு அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரமுடைய பைக்ஸ் மலைமுடிக்கு வானூர்தி எந்திரம் ஒன்றைக் கொண்டுசென்று சோதித்தார். காற்று மெலிந்த அவ்வுயரத்திலும், புகையால் சுழலும் அமுக்கியின் துணையுடன் எந்திரம் தரைமட்டத்தில் காட்டிய வலிமையைக் காட்டியது. பியூஹியின் எண்ணம் வெறுங்கனவன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்றாயிற்று.

ஆனால் பியூஹி நாடியது வேறு. போர்க்காலத் தேவைக்கு ஒருமுறை பயன்பட்டு நிற்பதன்று. நாள்தோறும் உழைக்கும் எந்திரத்தில் ஆண்டுக்கணக்கில் பழுதின்றி இயங்குவதே அவர் இலக்கு. இருபத்தாறு வயதில் தொடங்கிய பணி, அவர் நாற்பத்தைந்தை எட்டும்வரை பயன் தரவில்லை. பயன் தராத ஆய்வைத் தொடர்வதற்குப் பணமும் தேவை. பிறர் நம்பிக்கையும் தேவை. இரண்டும் குறைந்த காலங்களிலும் அவர் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. அதே வேளையில், பழைய வரைவையே பிடித்துக்கொண்டும் இருக்கவில்லை. மூன்றையும் ஒரே தண்டில் பிணைத்த அமைப்பை விடுத்து, விசையாழியையும் அமுக்கியையும் எந்திரத்திலிருந்து பிரித்துத் தனித் தண்டில் சுழலவிட்டார். குறிக்கோளில் உறுதியும் வழிமுறையில் நெகிழ்வும் கொண்டிருந்தமையே அவருடைய தனிச்சிறப்பு.

கடலில் கிடைத்த வெற்றி

1924ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாடன் நகரின் பிரவுன் பொவேரி தொழிற்சாலை, பியூஹியின் மேற்பார்வையில் உருவான கனரகக் கருவியை விண்டர்தூரின் எந்திரத் தொழிற்சாலை ஒன்றுக்கு வழங்கியது. டர்போசார்ஜர் என்று உலகம் அழைக்கும் கருவி, வணிக வாழ்வில் எடுத்துவைத்த முதல் அடி அது. தமிழில் அதனைப் புகைவிசைக் காற்றூட்டி எனலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு டர்போ என்றே பெயர்.

அடுத்த ஆண்டு பெருவெற்றி கிட்டியது. முதல் உலகப்போருக்குப் பின் செருமனியின் கிழக்குப் பிரசியப் பகுதி, மற்ற பகுதிகளிலிருந்து நிலவழியாகத் துண்டிக்கப்பட்டது. அதனைக் கடல்வழியே இணைக்கப் புராய்சன், ஹான்சஸ்டட் டான்சிக் என்னும் இரு பயணக் கப்பல்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் பத்து உருளை டீசல் எந்திரங்களில் பியூஹி தம் கருவியைப் பொருத்தினார். 1750 குதிரைத்திறன் கொண்ட எந்திரம் 2500 குதிரைத்திறனைத் தந்தது. உருளையின் எண்ணிக்கை கூடவில்லை, அளவும் கூடவில்லை. வீணாகிய புகை மட்டும் வேலைக்கு அமர்த்தப்பட்டது. வலிமை நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் பெருகியது.

இக்காலத்தில் அவர் மற்றொரு நுட்பத்தையும் கண்டறிந்தார். ஒவ்வோர் உருளையிலிருந்தும் புகை தொடர்ச்சியாக வருவதில்லை. நாடித்துடிப்புப்போல விட்டுவிட்டு வருகிறது. எல்லா உருளைகளின் புகையையும் ஒரே பெருங்குழாயில் கலந்தால் அத்துடிப்பின் விசை மழுங்கிவிடும். ஓர் உருளையின் புகை மற்றோர் உருளையின் வாயிலையும் அடைக்கும். ஆகவே புகைக்குழாய்களைக் குறுகிய பிரிவுகளாகப் பிரித்து, ஒன்றையொன்று தடுக்காத உருளைகளை மட்டும் ஒரு குழாயில் இணைத்தார். துடிப்பின் விசை சிதையாமல் விசையாழியை அடைந்தது. உருளைக்குள் தங்கும் பழம்புகையைப் புதுக்காற்றால் துடைத்து வெளியேற்றவும் இம்முறை வழிவகுத்தது. இந்நுட்பத்தின் வழித்தோன்றல்களை இன்றைய எந்திரங்களிலும் காணலாம்.

கப்பல்களைத் தொடர்ந்து மின்நிலையங்களும் தொடர்வண்டிகளும் டர்போவை ஏற்றுக்கொண்டன. 1938இல் சுவிட்சர்லாந்தின் சாரர் நிறுவனம் சரக்குந்து எந்திரத்தில் அதனைப் பொருத்தியது. பியூஹி 1959ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் தம் எண்பதாம் அகவையில் காலமானார். அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1962இல் அமெரிக்காவில் டர்போ பொருத்திய மகிழுந்துகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. டர்போ பொருத்திய 2600 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்கள் இந்திய இருப்புப்பாதையில் கால்வைத்ததும் அதே ஆண்டில்தான். தம் கருவி மக்களின் அன்றாட வாழ்வில் கலந்ததை அவர் காணவில்லை.

தாமதம் என்னும் குறை

இப்போது விருத்தாசலம் சந்திப்பின் கரும்புகைக்கு வருவோம். கொடி அடுப்பைப் பயன்படுத்தியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். தாய் அடுப்பில் தீ மூட்டியவுடன் கொடி அடுப்பு சூடேறாது. தாய் அடுப்பு நன்கு எரிந்தபின்னரே அதற்கு வெப்பம் வந்துசேரும். டர்போவின் இயல்பும் அதுவே. ஓட்டுநர் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் எரிபொருள் உடனே உருளைக்குள் பாய்கிறது. ஆனால் மிகுதியான காற்று வர வேண்டுமாயின் விசையாழி வேகமாகச் சுழல வேண்டும். அது சுழலப் புகை பெருக வேண்டும். புகை பெருக எந்திரம் வலிமையுடன் எரிய வேண்டும். எரியக் காற்று வேண்டும். இச்சுற்று முழுமையடையச் சிறிது காலம் பிடிக்கிறது. அந்த இடைவெளியையே டர்போ தாமதம் என்கிறோம்.

அந்த இடைவெளியில் எரிபொருள் மிகுதி, காற்றோ குறைவு. எரியாத கரித்துகள் கரும்புகையாக வெளியேறுகிறது. நெடும்பெட்டித் தொடரை நிலையிலிருந்து இழுக்க ஓட்டுநர் எரிபொருளைக் கூட்டும்போது எழுந்த கரும்புகை இவ்வாறு பிறந்ததே. டர்போ வேகம் பிடித்ததும் காற்று ஈடுகொடுத்தது, புகை மறைந்தது.

கரும்புகையைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. காற்று வந்துசேரும்வரை எரிபொருளைக் கட்டுப்படுத்தி வைத்தால் புகை எழாது. ஆனால் வண்டியும் உடனே விரையாது. ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி தயங்கி நிற்பதாக ஓட்டுநர் உணர்வார். முந்திச் செல்லும் வேளையில் அத்தயக்கம் இடர் தரும். எனவே கரும்புகையும் தயக்கமும் ஒரே குறையின் இரு முகங்கள். ஒன்றை மறைத்தால் மற்றொன்று வெளிப்படும். காற்றை விரைந்து வரவழைப்பதே உண்மையான தீர்வு.

அத்தீர்வைப் பொறியாளர்கள் பல வழிகளில் தேடினர். விசையாழியின் எடையைக் குறைத்தனர். பெரிய டர்போ ஒன்றுக்கு மாற்றாகச் சிறியவை இரண்டைப் பொருத்தினர். விசையாழியைச் சுற்றி அசையும் இதழ்களையும் அமைத்தனர். வாய்க்கால் மடையின் வாயைக் குறுக்கினால், குறைந்த நீரும் விசையுடன் பாயும் அல்லவா? அவ்வாறே புகை குறைவாக வரும்போது இதழ்கள் நெருங்கி வழியைக் குறுக்கும். புகை விரைந்து பாய்ந்து விசையாழியைச் சுழற்றும். புகை பெருகியதும் இதழ்கள் விலகும். அண்மைக் காலத்தில், புகை வந்துசேரும்வரை டர்போவைச் சுழற்றச் சிறிய மின்மோட்டாரும் சில வண்டிகளில் இணைக்கப்படுகிறது. மகிழுந்தின் டர்போ நிமிடத்திற்கு ஒரு இலட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. நெடுந்தொலைவு ஓடிய வண்டியை நிறுத்தியவுடன் எந்திரத்தை அணைக்காமல், சிறிது நேரம் மெல்ல ஓடவிடுமாறு பட்டறைத் தொழிலாளர்கள் கூறுவதன் காரணமும் இதுவே. வெப்பமேறிய டர்போவின் தாங்கிகளை எண்ணெய் குளிர்விக்க அந்த நேரம் தேவைப்படுகிறது.

இறுகும் விதிகளும் இடையறா முயற்சியும்

பியூஹியின் காலத்தில் எந்திரத்திடம் உலகம் வலிமையை மட்டுமே எதிர்பார்த்தது. அவர் மறைவுக்குப் பின் தூய்மையையும் எதிர்பார்க்கத் தொடங்கியது. சாலையில் வண்டிகள் பெருகப் பெருக, அவற்றின் புகை மக்களின் நுரையீரலைத் தாக்கியது. இந்தியாவில் 1991இல் பெட்ரோல் வண்டிகளுக்கும், 1992இல் டீசல் வண்டிகளுக்கும் புகை வரம்புகள் விதிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டுக்குப் பின் பாரத் நிலை என்னும் பெயரில் அவ்விதிகள் படிப்படியாக இறுகின. 2017இல் நான்காம் நிலை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஐந்தாம் நிலையைத் தாண்டி, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் நேரே ஆறாம் நிலை நடைமுறைப்படுத்தப்பட்டது.

> தெரிந்து தெளிவோம்
>
> டீசல் மகிழுந்து ஒரு கிலோமீட்டர் ஓடும்போது வெளியிடத்தக்க அளவு:
>
> கரித்துகள்: நான்காம் நிலையில் 25 மில்லிகிராம், ஆறாம் நிலையில் 4.5 மில்லிகிராம்.
>
> நைட்ரஜன் ஆக்சைடுகள்: நான்காம் நிலையில் 250 மில்லிகிராம், ஆறாம் நிலையில் 80 மில்லிகிராம்.
>
> எரிபொருளில் கந்தகம்: பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது.

இவ்விதிகளை நிறைவேற்ற டர்போ பெருந்துணை புரிகிறது. போதிய காற்று கிடைப்பதால் எரிபொருள் முழுமையாக எரிகிறது, கரித்துகள் குறைகிறது. சிறிய எந்திரமே பெரிய எந்திரத்தின் வேலையைச் செய்வதால் எரிபொருள் மிச்சமாகிறது. ஆயினும் டர்போ எல்லா நோய்க்கும் மருந்தன்று. அழுத்தப்பட்ட காற்று சூடேறும்; எரிதலின் வெப்பம் உயரும்; வெப்பம் உயர்ந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். ஆகவே காற்றைக் குளிர்வித்து அனுப்பும் கருவியும், புகையில் ஒரு பகுதியை மீண்டும் உருளைக்குள் செலுத்தும் அமைப்பும் தேவைப்படுகின்றன. துகள்களைப் பிடிக்கும் வடிகட்டியும் சேர்க்கப்படுகிறது. பெரிய வண்டிகளில், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கும் முறையும் கையாளப்படுகிறது.

விதி இறுகும்போது மனிதர்முன் இரு வழிகள் தோன்றுகின்றன. ஒன்று, எந்திரத்தைச் சீர்செய்வது. மற்றொன்று, சோதனையை ஏமாற்றுவது. 2015ஆம் ஆண்டு உலகப் புகழ்பெற்ற மகிழுந்து நிறுவனம் ஒன்று இரண்டாம் வழியில் சென்றமை வெளிப்பட்டது. சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக்காட்டி, சாலையில் வரம்பைப் பன்மடங்கு மீறும்படி அதன் டீசல் வண்டிகளின் கணினி அமைக்கப்பட்டிருந்தது. ஏமாற்று வெளிப்பட்டபோது, அந்நிறுவனம் பெருந்தொகையைத் தண்டமாகச் செலுத்தியது. அதனினும் மேலாக மக்களின் நம்பிக்கையை இழந்தது. பொறியியலில் குறுக்குவழி நெடுந்தொலைவு செல்லாது என்பதற்கு இது சான்று.

இருபது ஆண்டுகள் தோல்வியுற்றபோதும் பியூஹி தம் கருவியை மேலும் மேலும் சீர்செய்தாரேயன்றி, இயங்காததை இயங்குவதாகக் காட்டவில்லை. 1915இன் மாதிரி நிறைவாக இயங்கவில்லை. அது விற்பனைக்கும் வரவில்லை. 1925இன் எந்திரம் இயங்கியது. கடலில் கப்பலைச் செலுத்தி அது தன்னை மெய்ப்பித்தது.

நிறைவாக

மிதித்தவுடன் வலிமை பெருகாமல் சிறிது தயங்குவது டர்போவின் இயல்பு. அதனைப் படைத்தவரின் வாழ்விலும் அவ்வியல்பே அமைந்தது. 1905இல் தோன்றிய எண்ணம் 1925இல்தான் விசை பெற்றது. அதன் முழுப்பயனை உலகம் நுகரத் தொடங்கியபோது அவர் உயிருடன் இல்லை. ஆனால் அந்தத் தாமதம் வெறுமையன்று. அடுத்த வேகத்திற்கான காற்று அதற்குள்தான் திரண்டுகொண்டிருந்தது.

கம்மாபுரம் சாலையில் இனி ஒரு பேருந்து உங்களைக் கடந்து செல்லும்போது சற்றே கவனியுங்கள். எந்திரத்தின் உறுமலோடு மெல்லிய சீழ்க்கை ஒலியும் கேட்கக்கூடும். அது, வெளியேறும் புகை விசையாழியைச் சுழற்றும் ஒலி. தாய் அடுப்பின் மிச்சத் தீயில் குழம்பு வைத்த நம் முன்னோரும், எந்திரத்தின் மிச்சப் புகையில் வலிமை கண்ட பியூஹியும் உணர்ந்திருந்த உண்மை ஒன்றே: வீண் என்று பெயரிடுமுன் ஒருமுறை கூர்ந்து நோக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கொடி அடுப்பைப் பயன்படுத்திய பெரியவர் ஒருவரைச் சந்தித்து, அதன் அமைப்பையும் பயனையும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. அருகிலுள்ள வண்டிப் பட்டறைக்கு ஆசிரியருடன் சென்று, டர்போ பொருத்திய எந்திரத்தைப் பார்வையிட்டு, அதன் பகுதிகளைப் படமாக வரைந்து தமிழில் பெயரிடுக.

3. கரும்புகையும் தயக்கமும் ஒரே குறையின் இரு முகங்கள் என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

4. விதிகள் அறிவியல் வளர்ச்சிக்குத் துணையா, தடையா என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.